தகரச் சத்தத்தில் வந்த சீர்

எங்கள் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒரே கோயிலில்தான் கும்பிடும்; பந்தைக் கண்டால் மட்டும் இரண்டுக்கும் ஆகாது. வருசத்துக்கு ஒரு மேட்ச். தோற்ற கணக்கின் ஆள் அந்த வாரம் ஜெயித்தவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்தால் போதும், தகரத்தைத் தட்டி, "பராதய், பராதய்" என்று சிங்களத்தில் தோல்வியைச் சொல்லிக் கூவுவார்கள். அதற்குப் பயந்து பெரிய மனிதர்கள்கூட ரப்பர் காட்டுக்குள் சுற்றிப் போய்த்தான் பெல்மதுளை பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

அப்பா கீழ்க்கணக்கு டீமின் கேப்டன். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மேல்கணக்கின் கோல் கீப்பர். நடுவில் அம்மா.

எனக்கு ஏழு வயதில் காது குத்த நாள் பார்த்தார்கள். மேட்ச் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. ரத்தினபுரி மழைக்கு நாள் நட்சத்திரம் ஏது? தள்ளித் தள்ளி, காதுகுத்துக்கு முந்தின நாளில் வந்து நின்றது. அப்பா அடித்த ஒரே கோலில் நாங்கள் ஜெயித்தோம். மாமா கையில் அப்பிய சேற்றைக்கூடக் கழுவாமல் மேலே ஏறிப் போய்விட்டார்.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எங்களுக்குள் வழக்கமில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கோல வேற யாராச்சும் அடிச்சிருக்கக் கூடாதாங்க? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் வருவான்?"

"பந்து என் காலுக்குல்ல வந்துச்சு," என்றார் அப்பா. பாவம், அவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டுப்பாவாடையில் என்னை உட்கார வைத்தார்கள். ஆசாரி வந்தாயிற்று, மாமாவைக் காணோம். அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தாள். அப்போது ரோட்டுப் பக்கம் தகரச் சத்தம் கிளம்பியது. மாமாதான். புது வேட்டி கட்டி, தலையில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு, லயத்து வாசல்களுக்கு முன்னால் நேராக நடந்து வந்தார். இரண்டு பக்கமும் பையன்கள் விடாமல் தட்டினார்கள்.

"நல்லா தட்டுங்கடா, மேளக்காரனுக்குக் குடுக்கிற காசு மிச்சம்," என்று அவர் சிரித்தார். எனக்கோ பட்டுப்பாவாடையோடு ஓடிப்போய் நானும் தட்ட முடியவில்லையே என்று ஏக்கம்.

அப்பா இறங்கிப் போய்த் தட்டை வாங்கினார். "காட்டு வழியா சுத்தி வந்திருக்கலாம்ல, மச்சான்."

"ஒளிஞ்சு வர்றதுக்கு நான் என்ன கோழி திருடவா வர்றேன், அத்தான்? எங்க அக்கா வீட்டுக்கு வர்றேன்."

மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். ஊசி இறங்கியதும் நான் போட்ட கூச்சலில் வெளியே தகரம் நின்றுபோனது. மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சிரித்த மனிதருக்கு நெஞ்சு மட்டும் ஏன் இப்படிப் படபடவென்று அடிக்கிறது என்று அந்த அழுகைக்கு நடுவிலும் யோசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்ன இருந்தாலும் அவள் மேல்கணக்குக்காரி அல்லவா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான்தான் அவளைத் தேற்றினேன்.

"அழுவாதம்மா. அடுத்த வருசம் ஒங்க ஆளுங்க ஜெயிப்பாங்க."