போர் தண்ணீரில் தோற்ற வடிகட்டி

செஞ்சியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துவிட்டு வந்தால் மறுநாள் வரை வாய் திறக்க வேண்டியிருக்காது. தொண்டூர் பக்கம் ஓர் ஊரிலிருந்து அங்கன்வாடி டீச்சர் போன் செய்து, "சார், இங்க புள்ளைங்களுக்குப் பல்லு பழுப்பாவுது. போர் தண்ணியில இன்னா இருக்குதுன்னு பாருங்க" என்றபோது, கிளம்பிப் போக ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியது.

சோதித்ததில், பல்லைப் பழுப்பாக்கும் ஃபுளோரைடு அதிகமாக இருந்தது. அதைப் பிடித்துவைக்க அலுமினாக் குருணை உண்டு. பார்க்க வெள்ளை ரவைபோல இருக்கும். உள்ளே முழுக்க நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் ஃபுளோரைடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஃபுளோரைடைக் கரைத்துச் சோதித்தேன். நன்றாகப் பிடித்தது. ஒரு டிரம்மில் குருணையை நிரப்பி அங்கன்வாடியில் வைத்து, "தைரியமா குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வடிகட்டிய தண்ணீரை எடுத்துவந்து பார்த்தால், ஃபுளோரைடு பெரிதாகக் குறையவே இல்லை. மூன்று முறை சோதித்தேன். பிறகுதான் அமிலத்தன்மையை அளந்தேன். ஆய்வகத் தண்ணீரில் லேசான அமிலம் இருந்தது. அதில் குருணை ஃபுளோரைடை இழுத்துக்கொண்டது. போர் தண்ணீரில் காரம் அதிகம். காரத்தில் அதே குருணை ஃபுளோரைடை அண்டவிடாது. மாணவர்களுக்கு நான் வருடாவருடம் நடத்தும் பாடம் இது.

மறுநாளே போய்ச் சொன்னேன்.

டீச்சர் டிரம்மை மூடிவைத்தார். "போர் தண்ணி வேணாம்னு வயக்கெணத்துலேர்ந்து தினம் ரெண்டு குடம் தூக்கியாருவேன் சார். நீங்க சொன்னீங்கன்னு நிறுத்திட்டேன்."

"என் தப்புதான் டீச்சர்."

"சரி, வுடுங்க. நாளைக்குத் தூக்கிக்கிறேன்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள அறையில் யாரும் இல்லை.

குருணையை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிப் போட்டேன். இம்முறை ஊர்த் தண்ணீரிலேயே சோதித்தேன். பிடித்தது, ஆனால் பத்து நாள்தான். போர் தண்ணீரின் காரம் அதற்குள் அமிலத்தைத் தீர்த்துவிடும். அதனால் ஞாயிறுதோறும் போய் மறுபடி அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் கொடுத்தேன். டீச்சர் டீ கொடுப்பார். "சாப்டீங்களா சார்?" என்று கேட்பார். வாரம் முழுக்க என்னிடம் அதைக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

ஒரு வருடம் கழித்து ஊருக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது. "இனிமே நீங்க அலைய வேணாம் சார்" என்றார் போனில். தண்ணீரை வாங்கிச் சோதித்தேன், நல்ல தண்ணீர். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். அடுத்த ஞாயிறு குளித்துச் சட்டை மாட்டிய பிறகுதான், போக இடமில்லை என்பது உறைத்தது.