சனிக்கிழமைதோறும் சாகிறவர்

பல்கலைக்கழகத்து வேனில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பொம்மைக்காரம்மா என்று பெயர் விழுந்தது. அதற்கு முன் டிராக்டர்காரர் பெண்சாதி. நடுவில் கொஞ்ச காலம், செத்துப்போன டிராக்டர்காரர் பெண்சாதி.

ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவு இருந்தது. மண் பரிசோதனை, கறவை மாட்டு மடிநோய், காய்கறியைக் கெடாமல் பாட்டிலில் அடைப்பது, வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்று கிழமைக்கு ஒன்று. சனிக்கிழமை பண்ணை இயந்திரப் பாதுகாப்பு. அதில் அவளுக்கு ஒரே வேலைதான். தன் கணவர் எப்படிச் செத்தார் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து கதிரடிக்கும் மெஷினுக்கு ஒரு இரும்புத் தண்டு போகும். ஷாஃப்ட். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். அதற்கு ஒரு கவர் உண்டு. வைக்கோல் சிக்குகிறதென்று வாங்கிய மறுநாளே கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். பயிற்சியாளர் கவர் இல்லாத ஷாஃப்டைச் சுற்றவிட்டு, சட்டை போட்ட வைக்கோல் பொம்மையை நீளக் கம்பால் அதன் பக்கம் தள்ளுவார். சட்டை நுனி பட்டதுதான் தாமதம், பொம்மை இருந்த இடத்தில் வைக்கோல் பறக்கும்.

முதலில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஒல்லிப்பிச்சான்யா. என் மச்சானை நிக்க வச்சிருந்தா மெஷின் நின்னுருக்கும்."

"உன் மச்சான் எந்த மெஷின் பக்கம் போயிருக்கான், நிக்கறதுக்கு?"

அப்புறம் அவள் எழுந்திருப்பாள். சிரிப்பு அடங்கும்.

பொம்மை முதலில் போட்டுக்கொண்டதெல்லாம் அவருடைய சட்டைகள்தான். முதல் வகுப்பன்று பயிற்சியாளர் சட்டை கொண்டுவர மறந்துவிட்டார். அவள் வீடு பக்கத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். சும்மா தொங்குவதற்குப் பதில் யாருக்காவது உதவட்டுமே என்று அடுத்த வாரமும் ஒன்று எடுத்தாள். அலமாரி காலியானபோதுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அதற்குப்பின் ஊராரிடம் பழைய சட்டை கேட்டு வாங்கினார்கள்.

ஆரம்பத்தில் அவள் பேச்சு சுருக்கமாக இருந்தது. "கவரைக் கழட்டி வச்சிருந்தாரு. சட்டை மாட்டிக்கிச்சு. நான் ஓடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் வேனில் திரும்பும்போது பயிற்சியாளர் கேட்டார். அவளைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவங்க கண்ணுல அவரு ஒரு ஆளா தெரியணும். இப்ப வெறும் சாவு மட்டும்தான் வந்துட்டுப் போகுது. வேலை செய்யறப்ப என்ன பண்ணுவாரு? பேசுவாரா?"

"பாடுவாரு தம்பி" என்றாள்.

அது எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. மேடு பள்ளத்தில் வேன் குலுங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், கேட்கிறார், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சொன்னாள். "பாடிக்கிட்டே இருந்தாரு. பாட்டு நின்னுச்சு. மெஷின் நிக்கல." ஒரு ஆள் வகுப்பு முடியுமுன் எழுந்து போனார். என்ன கோபமோ என்று பயந்தாள். வீட்டுக்குப் போய்க் கவரைத் தேடி எடுத்து மாட்டினாராம்.

பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. எங்கே நிறுத்தினால் யார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக எதையும் செய்யவில்லை. சொல்லி உட்காரும்போது அவள் முந்தானையும் நனைந்துதான் இருந்தது.

வீட்டில்தான் சிக்கல். கணவரை நினைத்தால் அந்த ஒரு நாள் மட்டும் வந்தது, அதுவும் வகுப்பில் சொல்லும் வாக்கியங்களாக. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பாரே, என்ன சொல்வார்? சண்டை போட்டால் எத்தனை நாள் பேசமாட்டார்? எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இருந்தாள். இப்போது உள்ளே கைவிட்டால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவர் செத்தபோது மகள் நடை பழகும் குழந்தை. அவளுக்கு அப்பா என்றால் இந்த வகுப்புதான். வேனிலேயே வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே பின்வரிசையில் உட்கார்ந்து அம்மா சொல்வதற்கு முன்னால் உதட்டை அசைப்பாள். இப்போது மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை லீவு போட்டு வந்து திரையில் படம் காட்டுகிறாள். துணி துவைக்கும்போது தெரு முழுக்கக் கேட்கப் பாடுவாள். "வாயை மூடேன்டி" என்றால், "அப்பா தொண்டைம்மா. உனக்கு என்ன தெரியும்?" என்பாள். சொல்லிவிட்டு இன்னும் உரக்கப் பாடுவாள்.

கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு ஊரில் வகுப்பு முடிந்து மகள் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, நரைத்த தாடிக்காரர் ஒருவர் பொம்மைக்காரம்மாவிடம் வந்தார்.

"என்னைத் தெரியுதா தங்கச்சி?"

தெரியவில்லை.

"உன் வீட்டுக்காரனோட ரெண்டு சீசன் ஓடினேன். மூட்டை பிடிக்கிற வேலை. அன்னிக்கு மெஷினை நிறுத்தினது நான்தான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், வருத்தப்படாதே. அவன் எங்கே பாடினான்?"

"எப்பவும் பாடுவாரேண்ணே."

"மெஷின் ஓடறப்ப வாயைத் திறக்க முடியுமா? தூசி அப்பிக்கும். மூக்கு வாயெல்லாம் சேத்துத் துண்டு கட்டியிருப்போம். அவனும்தான். ஒரு வார்த்தை பேசணும்னாகூடக் கைஜாடைதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாடலேன்னா போகட்டும். வேற என்ன பண்ணுவாரு? சொல்லுங்கண்ணே. எதுனாலும் சரி."

"நல்ல மனுஷன்."

"அதை எல்லாரும்தான் சொல்றாங்க."

"சிரிக்க வைப்பான். வயிறு வலிக்கும்."

"என்ன சொல்லி?"

அவர் வாயைத் திறந்தார். வரும் வரும் என்று அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு நடந்ததுதான் நிக்குது. மத்ததைக் கேட்டா வரமாட்டேங்குது தங்கச்சி." கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே. நீ நல்லாத்தான் சொல்றே. என் மருமகன் போன வருஷம் கேட்டுட்டு வந்து கவரை மாட்டினான். அது போதும்."

வேன் கிளம்பியது. மகள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"யாரும்மா அந்தத் தாத்தா?"

"அப்பாவோட வேலை பாத்தவரு."

"அய்யோ, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? அப்பா என்ன பாட்டு பாடுவாருன்னு கேட்டிருப்பேனே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நீயே சொன்னதில்லையே. இத்தனை வருஷமா பாடினாரு பாடினாருங்கறே. என்ன பாட்டு?"

முன் சீட்டில் இருந்த பயிற்சியாளரும் திரும்பினார். "அட, நானும் கேட்டதில்லையேக்கா!"

மகளின் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. அப்பா தொண்டை என்று அவள் நம்பிய அந்தத் தொண்டைக்கு வேறு சொந்தக்காரர் கிடையாது.

"வார்த்தை விளங்காது" என்றாள் அவள். "தூசிக்காக வாயில துண்டு கட்டியிருப்பாரு. உள்ளயே முனகுவாரு."

"துண்டா?" மகள் துள்ளி நிமிர்ந்தாள். "துண்டைப் பத்தி நீ சொன்னதே இல்லையேம்மா! என்ன கலர்?"

கேட்டவுடன் கணவர் கண்முன் வந்துவிட்டார். சாயங்காலம், குழாயடி. துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். நெற்றியும் கண்ணும் சாம்பல் பூத்தது போல் இருக்கின்றன. மூக்குக்குக் கீழே முகம் அப்போதுதான் குளித்தது போல் சுத்தமாக இருக்கிறது. அந்தப் பாதி முகம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. ஏதோ சொல்லப் போகிறது.

"பச்சை" என்றாள்.

"அக்கா, இது ரொம்ப நல்லா இருக்கு" என்றார் பயிற்சியாளர். "அடுத்த வாரம் இதையும் சேத்துக்குங்க. துண்டுக்குள்ள பாட்டு கேக்குது. சட்டுனு நிக்குது."

"பாக்கலாம் தம்பி."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வாரம் முழுக்க, அடுப்படியில் நிற்கும்போதும் கொடியில் துணி எடுக்கும்போதும் அந்தப் பாதி முகத்தைக் கூப்பிட்டாள். கூப்பிட்டபோதெல்லாம் வந்தது. யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. பொம்மை கிழிந்தது, சிரித்தார்கள், எழுந்தாள். முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், பக்கத்தில் அவள் புருஷனும் இருந்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போடாமல் தொங்கியது. அவன் நிமிரவே இல்லை. எப்போதும் ஆள் நிமிரும் இடம் வந்தும் நிமிரவில்லை.

"பச்சைத் துண்டு கட்டியிருந்தாரு" என்றாள். "பாட்டு துண்டுக்குள்ளயே கேட்டுக்கிட்டிருந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். அவன் பெண்டாட்டி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்வரிசையில் மகள் உதட்டை அசைத்துப் புது வரியைச் சொல்லிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில், வேனில் கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். வந்தார். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில், மூக்கும் வாயும் மூடத் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். குழாயடிக்கு வரச் சொன்னாள். அவர் கைஜாடையில் ஏதோ சொன்னார். துண்டை அவிழ்க்கவில்லை.