வால் விளிம்பில் ஓர் எலுமிச்சம்பழம்

சந்திரசேகர் மாமா எந்தக் கதவையும் சும்மா திறந்ததில்லை. கீல் இல்லாத பக்கத்து விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். பரமத்தி வேலூரில் எங்கள் தெருவின் கேட்டுகள், நாமக்கல் பஸ்ஸின் கதவு, விருந்துக்குப் போன வீட்டு ஃபிரிட்ஜ், எதுவும் தப்பாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பீரோக் கதவை ஆட்டினாராம். சீர் எவ்வளவு தேறும் என்று நோட்டம் விடுகிறார் என்று பெண்வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்தான் கோகிலவாணி அத்தை. "ஆட்டிப் பாக்கறதோட சரிங்க. எங்க ஊட்டுச் சமையக்கட்டுக் கதவு எப்பப் புடிச்சோ தொங்குது" என்பார் அத்தை.

மாமா நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விமானப் பொறியியல் நடத்தினார். "பையனை ஏரோனாட்டிகல்ல போடுங்க, வானம் பூரா வேலை கெடக்குது" என்று லாரி ஓட்டும் என் அப்பாவிடம் சொன்னவர் அவர்தான். அவரிடமே படித்து எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆனேன். இப்போது முட்டைக் கம்பெனியில் பில் போடுகிறேன். வானத்தில் கிடந்த வேலைகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

பாடம் மட்டும் அருமையாக நடத்துவார். இறக்கையின் ஓரத்தில் எய்லரான், வாலில் படுத்திருப்பது எலிவேட்டர், நின்றிருப்பது ரடர். மூன்றுமே கீல் போட்ட பலகைகள். எலிவேட்டரை மேலே தூக்கினால் காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு மேலே எழும். "இவ்வளவுதான் விமானம். மீதியெல்லாம் சீட்டும் சமோசாவும்" என்பார்.

பிறகு குரலைத் தாழ்த்துவார். கீலுக்குப் பின்னால் எடை கூடினால் ஆபத்து. வால் ஒரு துளி மேலே எழும்போது அந்தப் பலகை கூடவே எழாமல் பின்தங்கும். அப்படித் தொங்கும் பலகையில் காற்று பட்டு, வாலை இன்னும் மேலே தள்ளும். திரும்பி வரும்போதும் இதே கதை. வேகம் கூடக் கூட இந்த ஆட்டம் தன்னையே வளர்த்துக்கொண்டு கடைசியில் வாலைப் பிய்த்துவிடும். அதற்குப் பெயர் ஃபிளட்டர். அவிழ்ந்த தார்ப்பாய் மூலை பைபாஸில் அடித்துக்கொண்டே போய்க் கிழிவதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் எனக்குச் சட்டென்று புரிந்தது. மருந்து, கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமன் செய்வது. சொல்லும்போது மாமாவின் கண் கலங்கும். "பதிமூணு மார்க் கேள்வி, விட்டுராதீங்க" என்று முடிப்பார்.

என் வகுப்பில் யுவஸ்ரீ மட்டும் அதை மார்க்கைத் தாண்டியும் எடுத்துக்கொண்டாள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு, ஆள் நீளத்தைவிடப் பெரிய ரிமோட் விமானம் ஒன்றைச் செய்தாள். எலிவேட்டரை அதன் கீல் கோட்டில் இரண்டு பிளேடு முனைகள் மேல் நிறுத்தி, காவிரியில் மீன்பிடிப்பவர்கள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை முன்பக்கம் ஒட்டி ஒட்டி, பலகை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை விடவில்லை. பெயிண்ட் அடித்த பிறகு மறுபடியும் செய்தாள், பெயிண்டும் எடைதானே. விமானம் ஒழுங்காகப் பறந்து, வழிகாட்டி ஆசிரியரான மாமாவும் நல்லபடியாகச் சொன்னால் வேலை தருவதாகச் சென்னை ட்ரோன் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. வேறு வழி எதுவும் அவளுக்குத் திறந்திருக்கவில்லை.

ஆண்டுவிழாவில் அதைப் பறக்கவிட்டுக் காட்ட ஏற்பாடு. மைதானத்தில் தாளாளர் கந்தப்பன் வந்து நின்றார். லாரி, கோழிப்பண்ணை, கல்லூரி என்ற வரிசையில் வளர்ந்தவர். துறைத் தலைவர் பதவி காலியாக இருந்ததால், மாமா தன் நிழல் அவர்மேல் விழுந்து வெயிலை மறைக்கும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தாளாளரின் மனைவி பொன்னாத்தாள் புது வண்டிக்குச் செய்வதுபோல விமானத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கட்ட இடம் தேடினார். எலிவேட்டரின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த சின்னத் தகடு கண்ணில் பட்டது. அதில் கட்டிவிட்டார்.

யுவஸ்ரீ மாமாவிடம் போய், "சார், அது கீலுக்குப் பின்னாடி இருக்குங்க சார். அவுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஒரு எலுமிச்சம்பழம்மா. என்ன எடை இருந்துரும்?"

"நீங்கதானுங்க சார் நடத்துனீங்க."

"பரீட்சைக்கு நடத்துனது. அம்மா கையால கட்டியிருக்காங்க, பேசாம ஏத்து."

விமானம் எழுந்தது, மெதுவாக ஒரு வட்டம் அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கந்தப்பனுக்கு வேகம் போதவில்லை. "என்ன சாமி, லோடு வண்டியாட்டம் போவுது? ஏத்தி உடு" என்றார். யுவஸ்ரீ மாமாவைப் பார்த்தாள். மாமா தலையசைத்தார். வேகம் ஏறியதும் வாலில் ஒரு நடுக்கம் வந்தது. தேனீக் கூட்டம் போல ஒரு சத்தம் கேட்டது. எலிவேட்டர் தனியாகப் பிய்ந்து பறக்க, விமானம் பக்கத்திலிருந்த தாளாளரின் கோழிப்பண்ணைக் கூரையில் போய் விழுந்தது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் கோழிகள் மிரண்டு முட்டை குறைந்துவிட்டது. விமானம் விழுந்ததற்கு விசாரணை வைத்திருக்க மாட்டார்கள், முட்டைக்கு வைத்தார்கள். "மாணவி கீலை ஒட்டியது சரியில்லை" என்றார் மாமா. ட்ரோன் கம்பெனிக்காரர்கள் கேட்டபோதும் அதையே சொன்னார். அந்த வேலை போனது. அடுத்த மாதம் மாமா துறைத் தலைவர் ஆனார்.

நான் பில் போடுவது கந்தப்பனின் முட்டைக் கம்பெனியில்தான். ஒருநாள் பொன்னாத்தாள் அங்கே வந்து அங்கலாய்த்தார். "திருஷ்டிக்குக் கட்டியும் உழுந்துபோச்சே சாமி."

"வாலுல கட்டினதாலதானுங்கம்மா" என்று விளக்கினேன்.

"இதை அந்த வாத்தியாரு சொல்லலையே? சொல்லியிருந்தா முன்னால சக்கரத்துல கட்டியிருப்பனே. எனக்கென்ன வாலுதான் வேணும்னு வேண்டுதலா?"

அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "சேச்சே, பழமெல்லாம் காரணமில்லீங்கம்மா. அந்தப் புள்ள வேலைதான் சரியில்லீங்க."

பொன்னாத்தாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர் பட்டம் வாங்குனவரு சொல்றாரு. நீ சும்மா இரு சாமி."

மைதானத்தில் தாளாளர் முன்னால் நானாக இருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? சம்பளத்துக்கு இருப்பவன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கட்டியவரே போன் போட்டுக் கேட்ட பிறகும்? அங்கேதான் எனக்கு மாமாவைப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிகிறது, அதுதான் தொந்தரவு.

யுவஸ்ரீ இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு செல்போன் கடையில் உறை மாட்டிக் கொடுக்கிறாள். அந்த ட்ரோன் கம்பெனி திரும்பவும் ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் சித்திரையில் மாமாவைப் போய்ப் பார்த்தாள். கீல் சரியாகத்தான் இருந்தது என்று அவர்களிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். "கண்டிப்பாச் சொல்றேம்மா, இது நான் உனக்குப் பட்ட கடன்" என்றார் மாமா. இது ஐப்பசி. கம்பெனி இன்னும் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் போன் இன்னும் போகவில்லை.