தொப்பி இல்லாத குளிர்காலம்

எங்கள் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கை ஒனேசிம் சிர்ரிடம் ஒப்படைத்துவிட்டால் அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எல்லா விவசாயிகளும் சொல்வார்கள். மெய்ன் மாநிலத்தின் வடக்கு உச்சி இது. ஆற்றைத் தாண்டினால் கனடா. மூக்கைத் துடைப்பதற்குள் மூக்கே உறைந்துபோகும் குளிரில், சரிவில் பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கும் கிழங்குக் கிடங்கை ஒனேசிம் வாழ்நாள் முழுக்கக் காத்தார். உள்ளே பீப்பாய் பீப்பாயாகக் கிழங்கு. அது உறையக்கூடாது, முளைக்கக்கூடாது, அழுகக்கூடாது. கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் கறியில் கைவைக்கும் நேரத்தில் இவர் எழுந்துபோய்க் கிடங்கு அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். அவர் பொறுப்பில் இருந்தவரை ஒரு கிழங்குகூட உறைந்ததில்லை.

உறைந்தது அவருடைய மனைவி லொரெட்தான்.

முதல் பனி விழுந்த அன்று லொரெட் கத்தரிப்பூ நிறக் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டினால், வசந்தத்தில் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து போகும்வரை கழற்ற மாட்டாள். சமையலும் தொப்பியோடுதான், தூக்கமும் தொப்பியோடுதான். தலைக்குக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, முனகிக்கொண்டு. "நான் உருளைக்கிழங்கா பொறந்திருக்கணும்யா. ராணி மாதிரி வெச்சுக் காப்பாத்தியிருப்ப" என்பாள். ஒனேசிம் சிரித்து மழுப்புவார். ஊரே சிரிக்கும். நானும் பலமுறை சிரித்திருக்கிறேன்.

வீடு ஒனேசிமின் அப்பா கட்டியது. சுவருக்குள் அந்தக் காலத்தில் கொட்டிய மரத்தூள் வருஷக்கணக்கில் அமுங்கி, மேல்பாதி சுவர் வெறும் பலகையாகிவிட்டது. அவர்கள் வயதான பிறகு, ஓய்வூதியம் வரும் வழியிலேயே, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவரும் லாரிக்காரனிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதனால் குளிர்காலத்தில் ஒவ்வோர் அறையாக மூடிக்கொண்டே வந்தார்கள். முதலில் மாடி, பிறகு முன்னறை, பிறகு படுக்கையறை. கடைசியில் சமையலறை விறகடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு, கூட்டில் அடைந்த கோழிகள் மாதிரி இருந்தார்கள். ஆனால் குளியலறையைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? அது நடையின் கோடியில் இருந்தது. அங்கே தரையில் சிந்திய தண்ணீர் பனிக்கட்டியாகிக் கிடந்ததில் லொரெட் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை முடிந்து, டவுனில் இருக்கும் முதியோர் இல்லத்தில் நடைப்பயிற்சிக்கு வைத்தார்கள். அங்கே தலைமை நர்ஸ் ஜனீன், முகத்துக்கு நேரே பேசுகிறவள்.

"ஐயா, அவங்க நல்லா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அந்த வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். படுக்கையறையும் குளியலறையும் கதகதப்பா இருக்கணும். நானே வந்து பாப்பேன். இல்லேன்னா அவங்க இங்கயேதான்."

லொரெட் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த இல்லத்தில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு திரியும் அளவுக்குச் சூடு. இவள் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டேன்டி, வேர்த்து ஊத்துதே" என்றார் ஒனேசிம்.

"கழட்ட மாட்டேன். கழட்டினா இங்கயே தங்கிட்டேன்னு ஆயிடும். என் வீட்ல வந்துதான் கழட்டுவேன்."

வீட்டில் எந்தக் காலத்தில் கழற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை. பழைய ட்ரக்கை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

இரண்டொரு நாளில் டார்லா மிஷோ வந்து நின்றாள். கிடங்கில் ஒனேசிமோடு வேலை பார்த்த பழைய கூட்டாளியின் மகள். வசதி குறைந்த முதியவர்களின் வீடுகளைக் குளிர் புகாமல் அடைத்துக் கொடுக்கும் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். செலவு அரசுத் திட்டத்தின் கணக்கில். வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது ஒரு குவளைக் காப்பிதான்.

ஒனேசிம் காப்பியைக் கொடுத்தார். மற்றதற்குத் தலையாட்டவில்லை.

"எங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்கம்மா. அவங்களுக்குப் பண்ணு."

"யாரு மாமா?"

"ஏன், அடுத்த வீட்டு ஃபிலியாஸ் இல்ல? ஜன்னல்ல அட்டையை ஒட்டி வெச்சுக்கிட்டு இருக்கான்."

"அவர்கிட்ட போயிட்டுத்தான் வரேன். 'பாவம், ஒனேசிமுக்குப் பண்ணு, எனக்கென்ன'ங்கிறாரு. அவருக்கு அடுத்த வீட்ல கேட்டா ஃபிலியாஸைக் காட்டுறாங்க. இந்த ரோடு முழுக்க எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டு விறைச்சுச் சாகப் போறீங்க. அப்ப நான் யாருக்குத்தான் பண்றது? ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடட்டுமா?"

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி அது. அடுத்தவன் கூரையில் ஏறிப் பனி தள்ளுவோம். நம் கூரையில் ஒருவன் ஏறினால் மானம் போய்விடும்.  ஒனேசிமுக்கு லொரெட்டின் வியர்த்த நெற்றி நினைவுக்கு வந்தது.

"சரி, வா" என்றார், யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்த மாதிரி.

டார்லா முதலில் செய்தது அவருக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, துணியின் அடியில் பெரிய மின்விசிறியை வைத்தாள். அது வீட்டுக்குள் இருந்த காற்றை வெளியே இழுத்துத் தள்ள, வெளிக்காற்று கிடைத்த இடுக்கு வழியாக உள்ளே வரத் தொடங்கியது. பிறகு ஊதுபத்தி மாதிரி மெல்லிய புகை வரும் ஒரு குழாயை அவர் கையில் கொடுத்தாள்.

"போங்க மாமா, உங்க வீட்டைச் சுத்திப் பாத்துட்டு வாங்க."

பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டில் புதிதாக என்ன பார்ப்பது என்று முனகிக்கொண்டே போனார். முன்னறைச் சுவரில் இருந்த பிளக்குக்கு அருகே புகையைக் காட்டினார். புகை யாரோ ஊதியதுபோலச் சிதறி ஓடியது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் காட்டினார். அது பாம்பு மாதிரி நெளிந்து அறை நடுவுக்கு வந்தது. மூடிக் கிடந்த படுக்கையறைக் கதவைத் திறந்தார். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது, ஆனால் திரைச்சீலை எழும்பி அவரைப் பார்த்து ஆடியது.

ஒனேசிம் அசைவற்று நின்றார். காற்று என்றால் காதில் கேட்பது, எலும்பில் உணர்வது என்றுதான் இத்தனை காலம் இருந்தார். அது எந்த வாசல் வழியாக நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எந்தக் கட்டிலின் தலைமாட்டில் போய் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது இதுவே முதல்முறை. லொரெட் படுக்கும் பக்கத்தில், தலைமாட்டுக்கு நேரே இரண்டு பலகைகளின் இடுக்கில் குழாயைக் காட்டியதும் புகை கோடு போட்டு அறைக்குள் வந்தது.

"இருக்கிற ஓட்டையெல்லாம் ஒண்ணாச் சேத்தா, அந்த ஜன்னலை வருஷம் பூரா திறந்து போட்ட மாதிரி மாமா" என்றாள் டார்லா.

"இத்தனை நாளும் நான் தெருவையே சூடு பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் அவர். 

மறுநாளிலிருந்து டார்லாவின் ஆட்கள் வீட்டை எறும்பு மாதிரி மொய்த்தார்கள். நிலவறையிலும் பரணிலும் இருந்த இடுக்குகளை, காய்ந்ததும் கெட்டியாகும் நுரையால் அடைத்தார்கள். வெளிச்சுவரில் வரிசையாகத் துளை போட்டு, லாரியிலிருந்து வந்த நீளக் குழாயைச் செருகி, பொடிப்பொடியாக அரைத்த பழைய நியூஸ்பேப்பரை உள்ளே ஊதினார்கள். ஒனேசிம் ஒரு கைப்பிடி வாங்கிப் பார்த்தார். சாம்பல் நிறப் பஞ்சு. கையில் வைத்த சற்று நேரத்துக்குள்ளேயே உள்ளங்கை சூடானது. ஊர் வம்பும் தேர்தல் சண்டையும் கால்பந்து தோல்வியும் அவர் மனைவியைக் காக்கச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தன. சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக, குளியலறைக் கூரையில் சின்ன மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, "இதை ஓடவே விடுங்க" என்று சொல்லிவிட்டு டார்லா போனாள்.

வீடு அமைதியானது. ஜன்னல் கடகடக்கவில்லை, பரண் ஊளையிடவில்லை. எண்ணெய் அடுப்பைக் கொஞ்சமாக வைத்ததற்கே படுக்கையறை வரை கதகதப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒனேசிம் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், புதுக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. அந்த அமைதியில் குளியலறை விசிறியின் ரீங்காரம் மட்டும் கேட்டது. ஒன்றுக்கும் உதவாமல் மின்சாரத்தைத் தின்கிறதே என்று அதை அணைத்தார்.

இங்கேதான் நம் ஆள் கோட்டைவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்தபோது ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் முத்துமுத்தாக வழிந்துகொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒனேசிம் அப்படி விடுகிறவர் இல்லை. கிடங்குச் சுவர் வியர்த்தால் கிழங்கு அழுகப்போகிறது என்று அர்த்தம். உடனே காற்றைத் திறந்துவிட வேண்டும். வாழ்நாள் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நிலவறைக்கு இறங்கி, டார்லாவின் ஆட்கள் அடைத்திருந்த நுரையைக் கத்தியால் வெட்டி எடுத்தார். ஏணி போட்டு ஏறிப் பரண் மூடியை ஒரு கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தினார். வீட்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் ப்ளோய் என்கிற எங்கள் ஊர்த் தோசையைச் சுட்டு, வெல்லப்பாகு ஊற்றி நாலைந்து சாப்பிட்டார்.

அன்று மதியம் நர்ஸ் ஜனீன் வந்தாள். படுக்கையறைக்குள் போனவள் கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, எல்லாம் பண்ணியாச்சுன்னு சொன்னாங்களே?"

 ஜனீன் அவர் தோளில் கைவைத்தாள். "சனிக்கிழமை மறுபடி வரேன். அப்பவும் இப்படித்தான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்களுக்கு நிரந்தரமா அங்க ஒரு ரூம் பாத்திடுவோம்."

நிரந்தரமாக என்ற சொல்லைக் கேட்டதும் ஒனேசிம் போனை எடுத்தார். டார்லாவைக் கூப்பிட்டார். அவள் வந்து, வெட்டிய நுரையையும் தூக்கி நிற்கும் பரண் மூடியையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன மாமா இது? எங்க ஆளுங்க அடைச்சதை நீங்களே பிரிச்சு வெச்சிருக்கீங்க?"

"கண்ணாடி வேர்த்துச்சும்மா. மூச்சு விடலேன்னா அழுகிடும்ல?"

"விசிறி ஓடுதா?"

"அணைச்சேன். சும்மா காசைத் தின்னுச்சு."

டார்லா கத்தப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க கிடங்குல சுவர் பூரா ஓட்டையா வெச்சிருந்தீங்க?"

"பைத்தியமா உனக்கு? எலி நுழையுற ஓட்டைகூட இருக்காது. உச்சியில ஒரே ஒரு மேல்திறப்பு. அதை எப்பத் திறக்கணும், எவ்வளவு திறக்கணும்னு என் கைதான் சொல்லும்."

"அந்த விசிறிதான் மாமா மேல்திறப்பு."

ஒனேசிம் அவளைப் பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் பார்த்தார். சுற்றிலும் கெட்டிச் சுவர், கீழே அடைத்த மண், உச்சியில் மூச்சுவிட ஒரே வழி. இந்தப் பிள்ளைகள் அவருடைய வீட்டைக் கிழங்குக் கிடங்காக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் கிழங்குக்குச் செய்ததை, அவர் மனைவிக்கு இவர்கள் ஒரு வாரத்தில் செய்துவிட்டார்கள். அந்த வித்தையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தொப்பி போட்டவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒருநாளாவது தோன்றியதா? வெட்கமும் ஆச்சரியமும் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டன. ஆச்சரியமே பெரிதாக இருந்தது. எழுந்துபோய் விசிறியைப் போட்டு, அதன் கீழே அண்ணாந்து, மாதா கோவிலில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"எவ்வளவு சின்னதா இருக்கு!" என்றார்.

டார்லாவும் அவரும் சேர்ந்தே இடுக்குகளைத் திரும்ப அடைத்தார்கள். சனிக்கிழமை ஜனீன் வந்தபோது படுக்கையறை ஜன்னலில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆற்றங்கரைப் பக்கம் பனிப்புயல் சுழன்று அடித்தது. உள்ளே அதன் சத்தம் அடுத்த ஊரில் நடப்பது மாதிரிக் கேட்டது. ஜனீன் கட்டிலைப் பார்த்தாள், குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க வைத்திருந்த கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள், பேச்சுவாக்கில் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கழற்றியதே அவளுக்குத் தெரியவில்லை. ஒனேசிம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லொரெட்டை அழைத்து வந்த அன்றும் தொப்பி அவள் தலையிலேயே இருந்தது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, மூடியே கிடந்த முன்னறை வழியாக, நடை வழியாகப் படுக்கையறைக்குப் போனாள். தன் பக்கத்துத் தலைமாட்டில், அந்தப் பலகை இடுக்கு இருந்த இடத்தில், கையை விரித்து வைத்தாள். தேடினாள். கையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"காத்து எங்க போச்சு?" என்றாள்.

"வெளிய நிக்குது."

"என்னய்யா பண்ணின?"

"உன்னைக் கிழங்காக்கிட்டேன்" என்றார் ஒனேசிம்.

லொரெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பு வலித்து, அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, அரிப்பெடுத்தவள் மாதிரி, கத்தரிப்பூ நிறத் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். அமுங்கிப்போன வெள்ளை முடி நாலாபக்கமும் குத்திட்டு நின்றது. ஒனேசிம் வாசலிலேயே நின்றார். ஜனவரி மாதத்து வெளிச்சத்தில் அந்தத் தலையைப் பார்த்து அவருக்கு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"என்னய்யா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. உன் முடி."

"முடிக்கு என்ன?"

"இருக்கு" என்றார். 

"போய்யா, கிறுக்கா." அவள் தொப்பியை அவரிடம் நீட்டினாள். "இதை எங்கயாச்சும் வை. குளிர்ந்தா கேக்குறேன்."

கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், அவர் அதை மாட்டினார். ஆற்றின் பனிக்கட்டி உடைந்து கனடாப் பக்கம் ஒதுங்கும்வரை அவள் கேட்கவே இல்லை.