பின்கதவில் இருந்த ரோட்டர்

போன வாரம் வரை எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு ஓர் இரும்புத் துண்டுதான் முட்டு. மூன்று பக்கமும் லேசாக உப்பிய முக்கோணம். ஒவ்வொரு பக்கத்திலும் தேய்ந்த சோப்பில் இருப்பதுபோல ஒரு குழி, நடுவில் பெரிய துளை, துளையின் உள்விளிம்பில் வரிசையாகப் பற்கள். தூக்கினால் கைக்குழந்தையின் கனம் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த மிஷினில் வருவது என்று கேட்பார்கள். கார் எஞ்சினுக்குள் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பிஸ்டன் மேலும் கீழும் குதிக்காமல், அதற்குப் பதிலாக இந்த முக்கோணம் ஒரு கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் எஞ்சின் அது. இதற்கு ரோட்டர் என்று பெயர். என் தம்பி துபாய்க்குக் கிளம்பிய அன்று, பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

தம்பியும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். நான் படித்து விருதுநகரில் பள்ளி ஆசிரியை ஆனேன். அவன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போய், மருந்துக் கலவை அறைக்கு போர்மேன் ஆனான். ஒரு நாள் அங்கே சத்தம் கேட்டது. அவன் ஓடினான். என்ன சத்தம் என்று திரும்பிப் பார்க்க நின்றவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அவன் அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, நான் கிண்டிக் கேட்டபோது, "நின்னு பாத்தவன் எவனும் இல்லக்கா" என்றான். அந்த சீசன் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஆமத்தூர் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் லேத் போட்டு, அச்சு மிஷின்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்க ஆரம்பித்தான்.

பட்டாசை அவன் விட்டானே தவிர, அது அவன் உடம்பை விடவில்லை. கொட்டகைக்கு நாலு பக்கமும் கதவு வைத்தான், நாலும் வெளிப்பக்கமாகத் திறக்கிறவை. வேலை நேரத்தில் ஒன்றையும் சாத்தக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரும்பு கடையும் பட்டறையில், லேத்தில் பொறி பறக்கும் இடத்தில், மருந்து அறையின் இந்த ஆசாரம். அவனிடம் வேலை பார்த்த வெல்டர் அண்ணாச்சி சிரிப்பார். "ஏலே, நான் கையில நெருப்பையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தகட்டத் தொட்டுட்டு வந்து நெருப்புப் பிடிக்கணுமாக்கும்?" என்பார். சொல்லிக்கொண்டே தொட்டுவிட்டும் வருவார்.

கார் ஆசை ஒரு வேஸ்ட் தாளில் இருந்து வந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு வேலை முடித்துக் கொடுக்கப் போனவன், காலண்டர் ஆர்டரில் நிறம் பிசகிப்போன தாள் ஒன்றை எடுத்து வந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினான். புகைக்கு நடுவே ஒரு கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும். முகம் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். அதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அந்தக் காரைப் பற்றித் தேட ஆரம்பித்தான். கடைசியில், ஜப்பானில் கழித்துப் போட்ட அந்த வகைக் காரின் எஞ்சின் ஒன்று சென்னை வழியாக லோடு லாரியில் ஆமத்தூர் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்த வெல்டர் அண்ணாச்சி, "என்னலே, பிஸ்டனக் காணோம், ரெண்டு சமோசா இருக்கு" என்றார். அன்றிலிருந்து கொட்டகையில் அதற்கு சமோசா எஞ்சின் என்றே பெயர். உடல் ஒரு பழைய அம்பாசிடர். பின்சக்கரம்தான் அதை ஓட்டுகிறது, சறுக்கி விளையாட அதுதான் வேண்டும் என்றான். எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்க்க அவனே ஒரு தகடு கடைந்தான். பின்சக்கரத்தை மட்டும் சட்டென்று நிறுத்திச் சறுக்கவைக்க, கைக்கு எட்டும் உயரத்தில் நீளமான பிரேக் கம்பி ஒன்று வைத்தான்.

இதெல்லாம் அவன் பாடு என்று நான் இருந்திருப்பேன். ஆனால் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் மகன் லீவுக்கு வந்தால் நேரே ஆமத்தூர்தான். அவனை நான் பட்டாசு மருந்து வாசனையே தெரியாமல் வளர்த்திருந்தேன். ஐந்தாம் வகுப்பிலேயே வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்தேன். தீபாவளிக்கு வந்தால் கம்பி மத்தாப்போடு சரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கும்போதே பழகிப்போகும் விஷயங்கள் அவனுக்குத் தெரியாது. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் தெருவே வெளியே வந்து வானத்தில் புகை எந்தத் திசையில் என்று பார்க்கும். அவன் சோற்றில் இருந்து தலையைத் தூக்க மாட்டான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று இருந்தேன்.

ஒரு நாள் கொட்டகைக்குப் போனபோது மாமனும் மருமகனும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சீட் பெல்ட் போட வேண்டும் என்றான் மகன். தம்பி முடியவே முடியாது என்றான்.

"உள்ள கட்டிப் போட்டா எப்படிலே ஓடுவ?"

"எதுக்கு மாமா ஓடணும்? கார்தான ஓடப் போகுது?"

"ஒன்னு ஆச்சுன்னா?"

"ஒன்னு ஆச்சுன்னா பெல்ட்டுதான் மாமா காப்பாத்தும்."

தம்பி என்னைப் பார்த்தான். "இவன் என்னக்கா இப்படிப் பேசுறான்?" என்றான். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பெல்ட் வைக்கவில்லை. அதோடு காரின் கதவுப் பூட்டையும் கழற்றி, முழங்கையால் தள்ளினாலே திறக்கும்படி ஒரு கொக்கி மாட்டினான். பட்டாசு அறைக்கு எது பாதுகாப்போ அதை அம்பாசிடருக்குச் செய்து முடித்தான். நானும், கதவு திறந்து இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கோடையில் வெம்பக்கோட்டை அணை வற்றி, பாளம் பாளமாக வெடித்த வண்டல் தரை மைதானம்போலக் கிடந்தது. அங்கேதான் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் கரை முழுக்க ஆட்கள். பட்டாசு கட்டும் வேலைக்கும் மருந்து அறைக்கும் போகிறவர்கள்தான் எல்லோரும். "போர்மேன் ராக்கெட்டுக்குச் சக்கரம் வச்சிருக்காருடா" என்று ஒருவன் கத்த, ஒரே சிரிப்பு. தம்பி வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் என் மகன். "மெல்லப் போங்கலே" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் அப்படி. தேனீக்கூட்டைத் தகர டப்பாவில் அடைத்து ஆட்டியதுபோல ஒரு இரைச்சல்.

முதலில் பெரிய வட்டமாகச் சுற்றினான். பிறகு வேகம் ஏற்றினான். வளைவுக்காக ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்திருக்கிறான். அந்த வகை எஞ்சினில், எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய் அங்கே பற்றுவது சகஜம் என்று மகன் எனக்குப் பிற்பாடு விளக்கினான். டமார் என்று ஒரு சத்தம். டிரைவர் கதவுக்குக் கீழே இருந்து கையளவு நெருப்பு வெளியே வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

தம்பி முழங்கையால் கதவைத் தள்ளிக் குதித்து ஓடினான். கரையில் நின்ற அத்தனை பேரும் ஓடினோம். யாரும் கத்தவில்லை. யாரும் திரும்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் ஓடுவது அப்படித்தான் இருக்கும். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையின் மறுபக்கம் இறங்கி ஓடினேன். வேலிக்கருவை முள் குத்தி நின்றபோதுதான் மகன் வண்டிக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

திரும்பி ஏறிப் பார்த்தபோது ஒரே புழுதி. ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புழுதி அடங்குவதற்குள் நான் என்னென்னவோ பார்த்துவிட்டேன். அடங்கியபோது, வண்டல் மண் அள்ளிய ஆழமான குழியின் விளிம்பில் வண்டி பக்கவாட்டில் நின்றது. ஓட்டுகிறவன் இல்லாமல் ஓடிய வண்டி நேரே அந்தக் குழிக்குத்தான் போயிருக்கிறது. மகன் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, ஸ்டீரிங்கை ஒடித்து, நீளமான பிரேக் கம்பியை இழுத்திருக்கிறான். தரையில் அழகான ஒரு வளைவு, பிறை மாதிரி கிடந்தது. அந்த வண்டி சறுக்கியது அந்த ஒரே முறைதான். அதைப் பார்க்க ஆசைப்பட்டவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

மகன் முகமெல்லாம் புழுதியோடு சிரித்தான். "ஏம்மா, பாத்தியா?" என்று கேட்டான்.

தம்பி வெகுதூரத்தில் இருந்து நடந்து வந்தான். மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "கால் தானா ஓடிருச்சுக்கா" என்றான். என் காலும்தான் ஓடியிருந்தது. பிறகு அவன், கோபமா துக்கமா என்று தெரியாத குரலில், "ஓடத் தெரியாத புள்ளைய வளத்துட்டியேக்கா" என்றான். அவன் என்மேல் குற்றம் சொல்கிறானா, என்னைப் பாராட்டுகிறானா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அன்று என் மகன் ஓடத் தெரியாதவனாக இருந்ததால்தான் பிழைத்தான். கலவை அறையில் என் தம்பி ஓடத் தெரிந்ததால் பிழைத்தான். இரண்டில் எதை நான் நம்புவது?

அதற்குப் பிறகு தம்பி அந்த வண்டியைத் தொடவில்லை. துபாயில் லேத் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று எஞ்சினைப் பிரித்து இரண்டு ரோட்டர்களில் ஒன்றைக் கொண்டுவந்தான். "இது ஒங்கிட்ட இருக்கட்டும். இது இல்லாம அத எவனும் ஓட்ட முடியாது" என்றான். போகும்போது பின்கதவு காற்றில் அடித்தது. அவனே அந்த ரோட்டரை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் போன் பேசுவான். சாப்பிட்டீகளா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு, வைக்கும் முன், "பின்கதவு தெறந்தே இருக்குல்லக்கா?" என்பான்.

இப்போது என் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். போன ஞாயிறு வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும், "மாமாட்ட பேசிட்டேன். சரின்னுட்டாக. அந்த வண்டிய நான் எடுத்துக்கிறேம்மா. பெல்ட்டெல்லாம் போட்டுத்தான் ஓட்டுவேன்" என்றான். நான் முடியாது என்று சொல்ல நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவன் பின்கதவுக்குப் போய்க் குனிந்து ரோட்டரைத் தூக்கினான்.

மேல்காற்று பலமாக இருந்த மத்தியானம். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அடுத்த நொடி நான் முன்வாசலைத் தாண்டித் தெருவில் நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. எதிர்வீட்டு அம்மாளும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். என் மகன் வீட்டுக்குள்ளேயே, ரோட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான். "எதுக்கும்மா ஓடுற? கதவும்மா, கதவுதான்" என்று சிரித்தான்.

"வெளிய வாலே" என்றேன்.

"கதவும்மா."

"தெரியும்லே. நீ வெளிய வா."

அவன் வந்தான். எனக்காகத்தான் வந்தான். வழியில் தண்ணீர்ச் செம்பு காலில் படாமல் விலகி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நடந்து வந்தான்.