பையின் அடியில் சாவி

காற்றாய்ப் பறக்கும் கேட்டமரான் பந்தயப் படகுகளைக் கழற்றி, கன்டெய்னரில் அடுக்கி, நாடு நாடாக அனுப்புவது அவர் வேலை. முதலில் வேண்டியது கடைசியாக உள்ளே போக வேண்டும். அடுக்குகிறவர்களின் சட்டம் அது. இந்த சீசனில் ஒன்பது மாதம், பதினோரு துறைமுகம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுவலிதான்.

ஒருவழியாக சீசன் முடிந்து, வீட்டு வாசலுக்கு வந்தார். பையைத் திறந்து சட்டை, துண்டு, செருப்பு என்று ஒவ்வொன்றாகப் படியில் எடுத்துப் போட்டார். சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னத்தைத் தேடுறீங்க?"

"வீட்டுச் சாவி. அடியில கிடக்கு."

அவருடைய சட்டம் அவளுக்கும் மனப்பாடம்.

"கடைசியா வேணுங்கறதைத்தானே முதல்ல வைப்பீங்க," என்றாள்.