நைனா பாய்

எங்கள் சின்னம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது. கரப்பான்பூச்சியைத் தவிர என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கிருந்தாலும் என்னை முறைப்பாள். அம்மாவின் கடைசித் தங்கை அவள். கல்லூரியில் படிப்பதற்காக ராயபுரத்தில் எங்களோடு தங்கியிருந்தாள். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு கோடையில், அவள் ஒருத்திதான் வெளியே இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

கதவைச் சாத்தியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெரு சாமி ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளத்தை நிறுத்துவது வழக்கம். அந்த வருஷம் நிறுத்தவில்லை என்று பாய்மார் சொன்னார்கள். நிறுத்திய பிறகுதான் கல் விழுந்தது என்று நாங்கள் சொன்னோம். எது முதலில் என்பது கடைசிவரை தீரவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் மண்டைகள் உடைந்து, பாய்மார் தெரு முனையிலிருந்த சாக்கு மண்டி பற்றிக்கொண்டது. பழைய கோணிகள், கேட்க வேண்டுமா! சாயங்காலம்வரை எரிந்தது. வைத்தவன் யார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் கொஞ்ச நாள் பெரியபாளையத்தில் போய் உறவு கொண்டாடிவிட்டு வந்தார்கள்.

ஆடியில் இன்னொரு ஊர்வலம் இருந்தது. கணக்கு அன்றைக்குத் தீர்க்கப்படும் என்று இரண்டு தெருவிலும் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் இதைக் கவலையோடு பேசினார்கள். பையன்களோ கல் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்னம்மா கல்லூரியில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்திருந்தாள், சிநேக முகாம் என்று ஒன்றை. இரண்டு தெருப் பிள்ளைகளையும் விடுமுறையில் ஓரிடத்தில் சேர்த்துவைத்துப் பழகவிடுவது. கடலோரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு காலியாகக் கிடந்தது. அதன் சாவி என் மாமாவிடம் இருந்தது. அவர் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன், தெருவில் நாலு பேர் மதிக்கும் மனிதர், சின்னம்மாவை மட்டும் மதிக்காதவர்.

“பசங்கள இட்டாந்து வச்சிகினு வெளையாட்டு காட்டினா ரௌடிங்க திருந்திடுவானுங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடுதான். கடைசி நாளன்று இரண்டு தெருப் பெரியவர்களும் வந்து ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஒரு பக்கம் வராமல் போனாலும் அன்றே கிடங்கைப் பூட்டிவிடுவார், அதற்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சின்னம்மா யோசிக்காமல் சரி என்றாள். அவள் எப்போதுமே அப்படித்தான்.

தெருவில் அதற்குத் தோஸ்து கேம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கேலியாகத்தான். போகப்போகப் பிள்ளைகள் நாங்களே அப்படிச் சொல்ல ஆரம்பித்தோம்.

அங்கே என்ன நடந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சண்டை போடலாம், தடையில்லை. ஆனால் ஒரு சட்டம். எதிராளி சொன்னதை அவன் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உன் பதிலைச் சொல்லவேண்டும். ஒரு சின்னச் சண்டையை முடிக்கவே அரைப்பொழுது ஆகிவிடும். பாதியிலேயே இருவருக்கும் அலுத்துப்போய்விடும். இன்னொரு நாள் அந்த ஊர்வலக் கலவரத்தையே நாடகமாகப் போடச் சொன்னாள். ஆனால் ஆள் மாற்றி. நாங்கள் பாய்மார், அவர்கள் எங்கள் தெருக்காரர்கள். ஒரு பையன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் அம்மா மாதிரியே கத்தினான். வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்லெறிகிற இடம் வந்தபோது ஒருவரும் எறியவில்லை. எறிகிற மாதிரி நடிக்கக்கூடக் கை எழவில்லை. சின்னம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எல்லோருக்கும் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தாள். உபதேசம் செய்யாத அந்தக் குணத்துக்காகவே அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் வந்தது வீடு மாற்றம். ஆளுக்கு ஒரு நாள் மற்றத் தெருவில் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வரவேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் ஜைனபு. அதே சாக்கு மண்டிக்காரரின் மகள். அவர் ராயபுரத்தில் வெகுகாலமாகக் கடை வைத்திருந்தார். மனைவியும் மகளும் ராமநாதபுரம் பக்கத்து ஊரில் இருந்துவிட்டு அப்போதுதான் இங்கே வந்திருந்தார்கள். நெருப்புப் பிடித்த அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மகளை மட்டும் எப்படியோ முகாமுக்கு அனுப்பியிருந்தார். சின்னம்மா கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் குறைவு.

முதலில் நான் அங்கே போனேன். அத்தா வந்ததும் சாப்பிடலாம் என்றாள் ஜைனபு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் அத்தா என்றால் அத்தை. வரப்போகிற அம்மாள் எப்படி இருப்பாளோ என்று நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கையால் படியவைத்துக்கொண்டு, மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தது மார்புவரை தாடி வைத்த ஓர் ஆஜானுபாகு. ஜைனபு ஓடிப்போய், “அத்தா!” என்று கட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை, புரையேறிவிட்டது. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் தன் கையாலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தார். முழங்கைவரை தீக்காயத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ஜைனபு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அன்று வேலைக்குப் போயிருந்ததால் அவரை அவள் பார்க்கவில்லை. ஆனால் நாள் முழுக்க எங்கள் வாயில் அவர் பேச்சுத்தான். நைனா நாற்காலியில் உட்காராதே, நைனாவுக்கு மீன் எடுத்து வை, நைனா வந்தால் தோலை உரிப்பார். நைனா என்றால் எங்களுக்கு அப்பா. ஜைனபுவின் ஊரிலோ அது மனிதர்களுக்கு வைக்கிற பெயர். அவள் சித்தப்பாவே ஒரு நைனா முகம்மது. அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: அந்த வீட்டில் அத்தா பேரு நைனா, நம்ம ஆளு, பெண்டாட்டிதான் தெலுங்குக்காரி, பிள்ளைகள் பெற்ற தகப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு மரியாதை கெட்டதுகள்.

அதற்கடுத்த நாள் முகாமில் சின்னம்மாவிடம் வந்து நின்றாள். “அக்கா, எங்கத்தா கேக்கச் சொன்னாக. இவக நைனா எந்த ஊரு நைனா?”

நான் வாயைத் திறந்தேன். சின்னம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, அது கன்றிப்போய் வெகுநாள் இருந்தது. “நெல்லூர்” என்றாள் ஜைனபுவிடம். எங்கள் பூர்வீகம் நெல்லூர்தான்.

அவள் போனதும் நான் சண்டைக்குப் போனேன். பொய் சொல்லக்கூடாது என்று முகாமில் சொல்லிவிட்டு நீயே இப்படிச் செய்யலாமா என்று. “நான் இன்னா பொய் சொன்னேன்? ஊரு கேட்டா, ஊரச் சொன்னேன்” என்றாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, “சாக்கு மண்டிக்காரருக்கே ஒரு சாக்கு வேண்டிக்கீது பாரு” என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஏதோ சிலேடை, காலேஜில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் வந்தது. கிடங்கில் பாய் விரித்து, அண்டா நிறையச் சேமியாப் பாயசம் காய்ச்சியிருந்தோம். எங்கள் தெரு ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. சாக்கு மண்டிக்காரர் வந்தால் அந்தத் தெரு வரும், வராவிட்டால் ஒரு ஈ காக்கை வராது. இது எல்லோருக்கும் தெரியும். மாமா பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாயசத்தில் ஏடு கட்டிவிட்டது. சின்னம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு உலர்ந்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

அப்போது அவர் வந்தார். பின்னால் அவர் தெருவே வந்தது. வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற குரலில், “நம்ம நைனா பாய் எங்க?” என்றார்.

என் அப்பா எழுந்தார். நெற்றி நிறையத் திருமண். வெள்ளிக்கிழமையானதால் வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டிருந்தார். அவருக்கு இந்தக் கதை எதுவுமே தெரியாது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இந்தப் பேரு எங்க குடும்பத்துல நாலு பேருக்கு உண்டு” என்று சாக்கு மண்டிக்காரரின் குரல் கேட்டது.

அப்பா சின்னம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தத் தழும்பேறிய கையைப் பார்த்தார். “என்னையும் வூட்ல நாலு பேரு அப்டிதான் கூப்புடறாங்க. வாங்க, குந்துங்க” என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பாய் நிறைந்தது. நைனாவும் அத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். மாமா பூட்டைப் பாய்க்கடியில் தள்ளியதை நான் பார்த்தேன்.

ஆடியில் ஊர்வலம் போனது. பள்ளிவாசலுக்கு வெகுமுன்பே மேளம் நின்றது. வாசலில் சாக்கு மண்டிக்காரரும் என் அப்பாவும் ஒன்றாக நின்றிருந்தார்கள். ஒரு கல்கூட விழவில்லை. மறு வருஷக் கோடையில் கிடங்குச் சாவியை மாமாவே கொண்டுவந்து சின்னம்மாவிடம் கொடுத்தார். தோஸ்து கேம்பு அதற்கப்புறம் பல கோடைகள் நடந்தது. இத்தனையும் ஒரு சின்னப் பெண்ணின் தப்பிதத்தால் வந்தது, பாவம் அந்த மனிதர் ஏமாந்துபோய் வந்து மாட்டிக்கொண்டார் என்று நான் வெகுகாலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

முதல் கேம்பின் அந்தக் கடைசி நாளில் எல்லோரும் கலைந்தபோது, அப்பா அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போயிருந்தார். சாக்கு மண்டிக்காரர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்து, “மீ நைனாதோ செப்பம்மா, வெள்ளொஸ்தானு” என்றார். உங்கள் நைனாவிடம் சொல்லம்மா, போய்வருகிறேன் என்று. ஒரு பிசிறில்லாத தெலுங்கு. நெல்லூர் அரிசி மண்டிகளில் கோணி வாங்கியே தாடி நரைத்தவர் அவர்.

பாய்க்கு நம் பாஷை வருகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, பாயசம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஓடினேன்.